முதல் போட்டி, முதல் மேடை: படபடப்போடு இறங்கப் பழகுவது எப்படி?

பயிற்சியில் 5.70 மீட்டர் தாண்டும் பையன் குறுவட்டப் போட்டியில் 5.20-லேயே நின்றுவிடுகிறான். வீட்டில் கல்யாணி ராகத்தை அரை மணி நேரம் பாடும் பெண், சபாவில் மைக் முன்னால் உட்கார்ந்ததும் நாலு பிடியில் ஆலாபனையை முடித்துவிடுகிறாள். “திறமை இருக்கு, தைரியம்தான் பத்தல” என்று பி.டி. மாஸ்டரும் பாட்டு டீச்சரும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள். அந்தத் தைரியத்துக்கு என்ன பயிற்சி, எதில் தொடங்குவது, தினமும் எத்தனை நிமிடம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. விளையாட்டு உளவியல் என்ற துறைக்கு அதுதான் வேலை. முதல்முறையாகப் போட்டிக்கோ மேடைக்கோ போகிறவர்களுக்காக, அதிலிருந்து உடனே கையில் எடுக்கக்கூடியவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

படபடப்பே வராமல் செய்யும் வித்தை எதுவும் கிடையாது. வருடக்கணக்காக ஆடுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் அது வரத்தான் செய்கிறது. அது இருக்கும்போதே கவனத்தை வேலையில் வைக்கப் பழகுவதுதான் நம் நோக்கம். இதற்கு ஒரு நோட்டும் போனில் உள்ள ஸ்டாப்வாட்சும் தினமும் கால் மணி நேரமும் போதும். ஆனால் முதல் நாள் ராத்திரி இதைப் படித்துவிட்டு மறுநாள் மைதானத்தில் செய்து பார்க்காதீர்கள். ஆறு வாரம் முன்பே தொடங்கினால் நல்லது, மூன்று வாரமாவது வேண்டும்.

1. முதலில் கவனித்து எழுதுங்கள்

கடைசியாகச் சொதப்பிய நாளை நினைவுபடுத்தி இரண்டு பத்தியாக எழுதுங்கள். ஒன்றில் உடம்பு என்ன செய்தது, இன்னொன்றில் மனசு எங்கே போனது. “ஒரே டென்ஷன்” என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. நீளம் தாண்டும் ஒரு பையனுடைய நோட்டு இப்படி இருக்கலாம்:

உடம்பு: பெயர் கூப்பிட்டதும் வாய் வறண்டது. தோள் இறுகிப்போனது. முதல் நாலு எட்டு வழக்கத்தைவிட வேகமாகப் போய்விட்டது.

மனசு: அப்பா எங்கே நிற்கிறார் என்று தேடினேன். பக்கத்துப் பள்ளிக்காரன் எவ்வளவு தாண்டினான் என்று கணக்குப் போட்டேன். ஓடும்போது ‘ஃபவுல் ஆகிடக் கூடாது’ என்பது மட்டும்தான் ஓடியது.

இப்படி எழுதினாலே பாதி விஷயம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உடம்புப் பத்தி நீளமாக இருந்தால் மூச்சுப் பயிற்சியில் (படி 3) அதிக நேரம் செலவிடுங்கள். மனசுப் பத்தி நீளமாக இருந்தால் படி 4, 5. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும். நன்றாக ஆடிய ஒரு நாளையும் இதே மாதிரி எழுதி வையுங்கள். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதில்தான் உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்பது இருக்கும்.

2. அந்தப் படபடப்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடித்துக் கை கால் தசைகளுக்கு ரத்தத்தை அனுப்புகிறது. செரிமானம் மெதுவாவதால் வயிற்றைப் பிசைகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. பத்து நிமிடத்துக்குள் மூன்று தடவை பாத்ரூம் போவதும் இதே கணக்குதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓடவும் தாண்டவும் உடம்பு தயாராவதற்கு வேறு வழியே கிடையாது.

ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சிலரைப் பிறர் முன் பாட வைத்தார், பேச வைத்தார், கணக்குப் போட வைத்தார். அதற்கு முன் “நான் அமைதியாக இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, “எனக்கு உற்சாகமாக இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். இதயம் தடதடவென்று அடிக்கும்போது ‘அமைதி, அமைதி’ என்றால் மனசு நம்பாது. ‘உடம்பு ரெடியாகுது’ என்றால் நம்பும், ஏனென்றால் அது உண்மை. இந்த வாக்கியத்தை உங்கள் பேச்சுத் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முன்னாலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

எவ்வளவு படபடப்பு நல்லது என்று கேட்டால், தலைகீழ் ‘யூ’ மாதிரி ஒரு வளைகோட்டுப் படத்தைக் காட்டுவார்கள். குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது, நடுவில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். அந்தப் படத்தின் மூலம் 1908-ல் எலிகளை வைத்துச் செய்த சோதனை. பொதுவாகப் புரிந்துகொள்ள உதவும் என்பதைத் தாண்டி நான் அதற்கு அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. பளு தூக்குகிறவருக்கு வேண்டிய சூடு, துப்பாக்கி சுடுகிறவருக்குக் கெடுதல். உங்கள் அளவு என்ன என்பதை நீங்கள் நோட்டில் எழுதிய நல்ல நாளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

3. மூச்சு

நேராக உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கால் நாலு எண்ணும் வரை இழுங்கள், வயிறு கையைத் தள்ள வேண்டும். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்குச் சுமார் ஆறு மூச்சு வரும். மூச்சை விடும் நேரம் நீளமாக இருப்பதுதான் முக்கியம், இதயத் துடிப்பு இறங்குவது அப்போதுதான். தினமும் ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் ரொம்ப ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து இதை உட்கார்ந்த இடத்தில் மட்டும் செய்யாமல், ஒரு ஓட்டம் ஓடிவிட்டு மூச்சு வாங்கும்போது செய்யுங்கள். போட்டியில் தேவைப்படப்போவது அந்த நிலையில்தான். கூடவே தோளைக் காது வரை தூக்கி ஐந்து நொடி இறுக்கிப் பிடித்து, சட்டென்று விடுங்கள். தாடையையும் கவனியுங்கள், பலருக்குப் பயம் பல்லைக் கடிப்பதில்தான் தெரியும்.

100 மீட்டர் ஓடுகிறவர் ஸ்டார்டிங் பிளாக்குக்குப் போகும் முன் இப்படி மூச்சு விட்டு மந்தமாகிவிடக் கூடாது. அவர் இதை அரை மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட்டு, கடைசி நிமிடத்தில் தொடையைத் தட்டி, இரண்டு குதி குதித்துச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். பாடகர்களும் நாகஸ்வரக்காரர்களும் மூச்சுக் கலையில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் மேடைக்குப் பின்னால் காத்திருக்கும்போது அதைப் பயன்படுத்த மறந்துவிடுகிறார்கள்.

4. உங்களுக்கென்று ஒரு முன்தயாரிப்பு வரிசை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

செயலைத் தொடங்குவதற்குச் சற்று முன், ஒவ்வொரு தடவையும் மாறாமல் செய்யும் நாலைந்து சின்னச் செயல்களின் வரிசை இது. கூடைப்பந்து ஃப்ரீ த்ரோவை எடுத்துக்கொள்வோம். சர்வதேச விதிப்படி, நடுவர் பந்தைக் கையில் கொடுத்ததிலிருந்து 5 நொடிக்குள் எறிய வேண்டும். அதனால் வரிசை நடுவர் பந்தைக் கொடுப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் நின்று ஒரு நீள மூச்சு. காலைப் பதித்து நில். பந்து வந்ததும் இரண்டு தட்டு. கண் வளையத்தின் முன்விளிம்புக்கு. மனதுக்குள் ‘மேலே’ என்று ஒரு சொல். எறி. பந்து கைக்கு வந்தபின் ஆகும் நேரத்தை மட்டும் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். நாலு நொடிக்குள் முடிந்தால் சரி. இழுத்தால் ஒரு தட்டைக் குறையுங்கள்.

இதே அமைப்பை எதற்கும் பொருத்தலாம்: நில், மூச்சு, பார்வை, சொல், செயல். நீளம் தாண்டுகிறவருக்குப் பெயர் கூப்பிட்டதும் 1 நிமிடம் உண்டு. அதில் முதல் இருபது நொடியை வெறுமனே நின்று மூச்சு விடக் கொடுக்கலாம். கபடியில் ரெய்டு மொத்தமே 30 நொடி, அதனால் ரெய்டரின் வரிசை நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே முடிந்துவிட வேண்டும். பரதம் ஆடுகிற பெண்ணுக்குச் சலங்கை கட்டும் நேரத்தையே தொடக்கமாக வைக்கலாம். கட்டி முடித்ததும் ஒரு மூச்சு, பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் உள்ளங்காலைத் தரையில் அழுத்தி நிற்பது, முதல் அடவின் சொற்கட்டு ஒரு தடவை, அப்புறம் மேடை.

கர்நாடகக் கச்சேரியில் இது ஏற்கெனவே கட்டி வைத்ததுபோல இருக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறையில் பெரும்பாலும் முதலில் வருவது வர்ணம். சின்ன வயதிலிருந்து எண்ணற்ற தடவை பாடிய உருப்படி. அது முடிவதற்குள் குரல் திறந்துகொள்ளும், மைக்கின் அளவு பிடிபடும், பக்கவாத்தியக்காரர்களோடு காலப்பிரமாணம் ஒட்டிவிடும். முதல் கச்சேரியிலேயே வித்தியாசமாகச் செய்கிறேன் என்று வர்ணத்தைத் தவிர்த்துவிட்டு அபூர்வ ராகத்தில் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அவசரம் இந்த வரிசையைத்தான் முதலில் தின்னும். கால்பந்து பெனால்டி ஷூட்-அவுட்டுகளைக் கெய்ர் யோர்டெட் என்ற நார்வே ஆய்வாளர் வருடக்கணக்காகப் படம் பார்த்து ஆராய்ந்தார். நடுவர் விசில் அடித்த உடனே ஓடிப்போய் அடித்தவர்கள் அதிகம் தவறவிட்டார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. சீக்கிரம் முடித்துத் தொலைத்துவிடலாம் என்ற ஆசைதான் காரணம். மேடைப் பேச்சாளர்கள் மைக்கைப் பிடித்ததும் ரயில் வேகத்தில் பேசுவதும் அதே ஆசையால்தான்.

ராசியையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிவப்புக் கைக்குட்டை இல்லாமல் ஆட மாட்டேன் என்பது ராசி. கைக்குட்டை தொலைந்தால் ஆட்டமும் தொலைந்தது. உங்கள் மூச்சையும் கால் வைக்கும் இடத்தையும் யாரும் திருடிக்கொண்டு போக முடியாது. வரிசையில் உள்ள ஒவ்வொன்றும் உங்கள் உடம்போடு வருவதாக இருக்க வேண்டும்.

5. மனதுக்குள் சொல்லும் சொல்

நன்றாகப் பழகிய ஒரு செயலை நடுவில் பிரித்துப் பார்த்தால் அது கெட்டுப்போகும். ‘முழங்கை சரியா, மணிக்கட்டு சரியா’ என்று பந்து எறியும் நேரத்தில் யோசித்தால் கை மரத்துப்போனதுபோல ஆகிவிடும். கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவரைப் பின்தொடர்ந்தவர்களும் பல விளையாட்டுகளில் சோதித்துப் பார்த்துச் சொல்வது இது: உடம்பின் உறுப்பில் கவனம் வைப்பதைவிட, செயலின் விளைவில், வெளியே உள்ள ஒன்றில் வைத்தால் நன்றாக வருகிறது. ‘கையை நீட்டு’ என்பதைவிட ‘வளையத்துக்கு மேலே’. ‘காலை உதை’ என்பதைவிட ‘தரையைத் தள்ளு’.

ஆகவே ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். எளிமையாக, செய்யச் சொல்வதாக இருக்க வேண்டும். ‘தப்பு பண்ணாதே’, ‘ஃபவுல் ஆகாதே’ போன்றவை வேண்டாம், அவை தப்பையே கண்முன் கொண்டுவந்து நிறுத்தும். ‘ஜெயிக்கணும்’ என்பதும் வேண்டாம், அதில் இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு மூன்று சொற்களைப் பயிற்சியில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். நுட்பத்தை இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் பயிற்சியில் உடம்பைக் கவனிக்கத்தான் வேண்டும். போட்டி நாளில் மட்டும் அதை மூட்டை கட்டி வையுங்கள்.

6. மனதில் ஓட்டிப் பார்ப்பது

கண்ணை மூடிப் பதக்கம் வாங்குவதைக் கற்பனை செய்வது சுகமாக இருக்கும், ஆட்டத்துக்கு அதிகம் உதவாது. ஓட்டிப் பார்க்க வேண்டியது செயலை. போட்டி ஷூவைப் போட்டுக்கொண்டு, முடிந்தால் அதே மைதானத்தில் நின்று, வெளியிலிருந்து படம் பார்ப்பதுபோல இல்லாமல் உங்கள் கண்ணால் தெரிவதைப் பாருங்கள். 12 நொடி ஆகும் செயல் மனதிலும் 12 நொடி ஆக வேண்டும். பாதியில் கவனம் சிதறினால் முதலிலிருந்து. நாளைக்கு மூன்று நாலு தடவை போதும்.

கோளாறையும் சேர்த்து ஓட்டுங்கள். மைக்கேல் ஃபெல்ப்ஸின் பயிற்சியாளர் பாப் போமன் இதை அவருக்குப் பழக்கியிருந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை இறுதியில் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, கடைசிப் பகுதியில் எதுவுமே தெரியவில்லை. கை வீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்திச் சுவரைத் தொட்டார். 1 நிமிடம் 52.03 நொடி, அப்போதைய உலக சாதனை.

7. ‘இப்படி ஆனால், இதைச் செய்வேன்’

நோட்டில் இன்னொரு பக்கம். நடக்கக்கூடிய நாலைந்து சங்கடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு செயல்.

சாகித்யம் (பாட்டின் வரி) மறந்தால்: அந்த இடத்தை அகாரத்தில் (‘ஆ’ என்று) பாடிக்கொண்டே பல்லவிக்குத் திரும்புவேன்.

எங்கள் ஓட்டம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால்: நிழலில் உட்காருவேன், 25 நிமிடம் இருக்கும்போது வார்ம்-அப்பை மறுபடி தொடங்குவேன்.

முதல் தாண்டல் ஃபவுல் ஆனால்: ஓட்டத்தைத் தொடங்கும் மார்க்கை அரை அடி பின்னால் தள்ளுவேன், வேறு எதையும் மாற்ற மாட்டேன்.

தவறுக்குப் பிறகு எழுந்திருப்பதற்கும் ஒரு செயல் வேண்டும்: துண்டால் முகம் துடைப்பது, ராக்கெட் நரம்பைச் சரிசெய்வது, தண்ணீர் ஒரு மிடறு. அது முடிந்ததும் அந்தத் தவறின் கணக்கும் முடிந்தது, அடுத்த பந்து. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் செஸ் உலக சாம்பியன் ஆன குகேஷ், அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு ஆடித் தோற்றவர். பதினோராவது ஆட்டத்தில் வென்று முன்னிலை பெற்றார், பன்னிரண்டாவதில் திரும்பவும் தோற்றார். கடைசியான பதினான்காவது ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு வென்று 7.5-6.5 என்று முடித்தபோது அவருக்கு வயது 18. 2011-ல் கிரிக்கெட் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியோடு இருந்த பேடி அப்டன்தான் அப்போது குகேஷுக்கும் மனத்திறன் பயிற்சியாளராக இருந்தார். ஆட்டம் தொடங்கும் முன் பலகைக்கு எதிரே குகேஷ் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

8. பயிற்சியிலேயே கொஞ்சம் கூச்சத்தைச் சேருங்கள்

மேலே சொன்ன எல்லாம் யாருமில்லாத மைதானத்தில் அருமையாக வரும். அதனால் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சூழலை மாற்றுங்கள். ஜூனியர் பசங்களை வரிசையாக உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் வீடியோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவேன் என்று சொல்லிவிட்டு ஆடுங்கள். ஒரே ஒரு வாய்ப்பு, தவறினால் எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும் என்று பந்தயம் வையுங்கள். அரங்கேற்றம் என்றால் முழு ஒப்பனையும் சேலையும் நகையும் போட்டு ஒரு தடவையாவது ஆட வேண்டும். கழுத்து நகை குத்துவது அன்றைக்குத்தான் தெரியவரும் என்றால் கஷ்டம்.

பெனால்டி என்றாலே கை கால் உதறும் அணி என்று பெயர் வாங்கியிருந்த இங்கிலாந்து, அதை அதிர்ஷ்டம் என்று விடாமல் ஒரு திறமையாக எடுத்துப் பயிற்சி செய்துவிட்டுத்தான் 2018 உலகக் கோப்பைக்குப் போனது. கொலம்பியாவுக்கு எதிராக வென்றது. உலகக் கோப்பையில் அவர்களுக்கு அதுதான் முதல் ஷூட்-அவுட் வெற்றி. அப்போதைய மேலாளர் கேரத் சவுத்கேட், 1996 யூரோ அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்டவர்.

9. போட்டி நாள்

புதிதாக எதையும் செய்யாதீர்கள். புது ஷூ, புதுச் சாப்பாடு, யாரோ கொடுத்த எனர்ஜி டிரிங்க், எதுவும் வேண்டாம். முந்தைய ராத்திரி தூக்கம் வரவில்லை என்று கவலைப்பட்டே பலர் சோர்ந்துபோகிறார்கள். அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கியிருந்தால் ஒரு ராத்திரி குறைவதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

காத்திருக்கும் நேரம்தான் ஆளைக் கொல்லும். நம் ஊர்ப் போட்டிகளில் காலை எட்டு மணிக்கு வரச்சொல்லி மதியம் இரண்டுக்குக் கூப்பிடுவது சகஜம். இடையில் ஆறு மணி நேரமும் மனசை முறுக்கேற்றி வைத்திருந்தால் பெயர் கூப்பிடும்போது ஒன்றும் மிச்சமிருக்காது. நடுவில் விட்டுவிடுங்கள். பாட்டுக் கேளுங்கள், நண்பனோடு அரட்டை அடியுங்கள். ரீல்ஸ் வேண்டாம், மற்றவர்களின் மார்க்கை விசாரிப்பதும் வேண்டாம். அரை மணி நேரம் முன்னதாக வரிசைக்குத் திரும்புங்கள்.

அப்பா அம்மாவுக்கும் ஒரு வார்த்தை: களத்துக்குப் போகும் பிள்ளையிடம் “மெடலோட வா” என்று சொல்லி அனுப்பாதீர்கள். “தண்ணி எடுத்துக்கிட்டியா?” போதும். தோற்றுவிட்டு வந்தால், வண்டியில் வீடு போய்ச் சேரும் வரை ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

10. மறுநாள்

அன்றைக்கே அலசாதீர்கள். ஒரு இரவு கழித்து நோட்டை எடுத்து மூன்று வரி: வரிசையைச் செய்தேனா, எங்கே விட்டுப்போனது, அடுத்த தடவை மாற்றும் ஒரே விஷயம் என்ன. மார்க்கும் பதக்கமும் இந்த மூன்று வரியில் வரக் கூடாது. வரிசையைச் சரியாகச் செய்தும் தோற்றிருக்கலாம், அது வேறு கணக்கு, அதை கோச்சோடு உட்கார்ந்து பாருங்கள்.

எப்போது நிபுணரைப் பார்ப்பது?

வாரக்கணக்காகத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த ஆட்டத்தின் மைதானத்துக்குப் போகவே உடம்பு மறுக்கிறது என்றால் இந்த நோட்டு வேலை போதாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் காற்றில் சுழலும்போது தன் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போய் இறுதிப் போட்டிகள் பலவற்றிலிருந்து விலகினார். மூன்று வருடம் கழித்துப் பாரிஸில் திரும்பி வந்து மூன்று தங்கம் வென்றார். விலகியதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள், அந்த நிலையில் தலைகீழாக விழுந்தால் கழுத்து என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். தனியாக ஒருவரைத் தேடுவதென்றால், என்ன படித்திருக்கிறீர்கள், எந்த விளையாட்டுக்காரர்களோடு வேலை செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு இருக்க வேண்டும். ஒரே அமர்வில் பயத்தைப் போக்குகிறேன் என்பவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. கை நடுக்கத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளை மேடைக் கலைஞர்கள் சிலர் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொள்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து, டாக்டர் எழுதிக்கொடுக்காமல் யாரும் தொடக் கூடாது. வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் வீரர்களுக்கு அது தடை செய்யப்பட்ட மருந்து, போட்டி இல்லாத நாட்களிலும்கூட. சளி மாத்திரையாக இருந்தாலும் போடும் முன் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப்பட்டியலை கோச்சிடமோ டாக்டரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.